‘அங்கை எண்டால்’ அண்ணை

‘அங்கை எண்டால்’ அண்ணையை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. லண்டனில் நாலு தமிழர் கூடி நிற்கும் இடத்துக்கு ஐந்தாவதாக வந்து சேருபவர் அவர்தான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் பத்துப் பதினைந்து வருடம் இருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மொழியைப் படித்து, வரி கட்டி, கடைசியில் பாஸ்போட்டும் எடுத்து, எடுத்த கையோடு பெட்டியைக் கட்டி இங்கே வந்து இறங்கி, இறங்கிய நாளிலிருந்து அந்த நாட்டின் அருமை பெருமையையே கதைத்துக்கொண்டிருப்பவர். டென்மார்க்கில் இருந்து வந்தவர் என்றால் சைக்கிள் பாதையைப் பற்றிக் கதைப்பார். பிரான்சில் இருந்து வந்தவருக்கு இங்கத்தைப் பாண் தொண்டையால் இறங்காது. அப்படியென்றால் ஏன் வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா? தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கும் முக்கால் மணித்தியாலப் பதில் ஒன்று அவரிடம் இருக்கிறது.

லூயிஷாம் செபமாலைமுத்துவைப் பாருங்கள். மன்னாரில் பிறந்து, ஜெர்மனியில் டோட்முண்ட் நகரில் பதினெட்டு வருடம் வாழ்ந்து, மகள் றொசாந்தி ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று மனைவி றோஸ்மலரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். வீடுகளுக்குப் போய் வீடு சூடாக்கும் பொயிலர் திருத்துவது தொழில். திருத்துவதற்கு முதல் பொயிலரின் முன்னால் நின்று ஒரு நீண்ட பெருமூச்சு விடுவார். "அங்கை எண்டால் இதைக் குப்பைக்குள்ள எறிஞ்சிருப்பினம்" என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார். பஸ் பிந்தினால் அங்கை எண்டால். ரோட்டில் பள்ளம் கிடந்தால் அங்கை எண்டால். பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால், பக்கத்து வாங்கில் இருப்பவரின் காதுக்குள், "அங்கை எண்டால் பாதர் பன்னிரண்டு நிமிசத்தில முடிச்சுப்போடுவார்."

றோஸ்மலருக்கு மட்டும் தெரிந்த விசயம் ஒன்று உண்டு. டோட்முண்டில் இருந்த பதினெட்டு வருடமும் இந்த மனிதர் "கொழும்பில எண்டால்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்பில் இருந்தபோது "மன்னாரில எண்டால்" என்றார். மன்னாரில் இருந்தபோது என்ன சொன்னார் என்பது அவருடைய தாய்க்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை மத்தியானங்களில் இவரைப் பார்க்க விரும்பினால் லண்டன் பிறிஜ் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கும் ‘பெல் அண்ட் பரல்’ என்ற பப்புக்குப் போங்கள். பழைய இடம், பெயர்போன இடம். பலகைச் சுவர், தேய்ந்த தரை, பாட்டுமில்லை, ரீவியுமில்லை. நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே பக்குவப்படும் ஏல் என்ற பியரை, நீளமான கைபிடியைப் பிடித்து இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்து ஊற்றுவார்கள். கரும்பலகையில் அன்றைய ஏல் ஏழு வகை, அப்பிளில் செய்த சைடர் நாலு வகை என்று சோக்கால் எழுதிக் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் இதைக் குடிப்பதற்கென்றே வேறு ஊர்களில் இருந்து ரயிலேறி வருகிறார்கள். நம்மாள் பத்து வருடமாக வருவது குறை சொல்வதற்கு. குளிர் காணாது. நுரை இல்லை. மேசைக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள், எழும்பிப் போய் நிற்கவேணும். அங்கை எண்டால் ஒரு கிளாஸ் வார்க்க ஏழு நிமிசம் எடுப்பார்கள், நுரை மேலே எழும்பி நிற்கும், மேசைக்குக் கொண்டுவந்து வைத்து, எத்தனை கிளாஸ் என்ற கணக்குக்குக் கிளாசின் கீழ் வைக்கும் மட்டையில் ஒரு கீறு கீறிவிட்டுப் போவார்கள். இதையெல்லாம் அவர் ஆங்கிலத்தில் முதலாளி கீத்துக்கு எடுத்துச் சொல்ல, கீத் கிளாஸ் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லி முடித்த பிறகு செபமாலைமுத்து இரண்டாவது பைன்ற் வாங்குவார். ஆசை தீரக் குறை சொல்ல இதைவிட வசதியான இடம் அவருக்கு லண்டனில் அகப்படவில்லை.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். பிரெக்சிற்றால் ஐரோப்பியப் பாஸ்போட்காரருக்குக் கதவு பூட்டுப்படுவதற்கு முந்திய வருடத்துக் கோடை அது. றோஸ்மலருக்கு இருப்பது ஒரேயொரு தம்பி, டினேஷ். மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக அவன் இன்னும் டோட்முண்டில்தான் இருந்தான். அவனையும் குடும்பத்தையும் லண்டனுக்கு இழுத்துவிட வேண்டும் என்று அவள் மூன்று வருடமாகத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால் மகள் யூனிவேர்சிற்றியில், புருசன் பொயிலரில். நத்தாருக்கு மூன்று பேருக்குக் கேக் அடிக்கிற தனிமை அவளைத் தின்றது. டினேஷின் மனைவிக்குச் சம்மதம், பிள்ளைகளுக்கும் சம்மதம். டினேஷ்தான் இழுபட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று மூன்று நாள் லீவில் வந்து இறங்கினான். றோஸ்மலர் சும்மா இருப்பாளா? இரண்டு ரோட் தள்ளி வாடகைக்கு ஒரு வீடு கண்டுபிடித்து, சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பதாக ஏஜென்சிக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள். அதுவரைக்கும் தம்பியை எங்கேயாவது கூட்டிக்கொண்டுபோய் லண்டனைப் பிடிக்கவைப்பது புருசனின் பொறுப்பு.

"இஞ்சாருங்கோ," என்றாள், வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் குரலைத் தாழ்த்தி. "ஜெர்மனியைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கக் கூடாது."

"நான் ஏன் கதைக்கப் போறன்?"

"சத்தியம் பண்ணுங்கோ."

"உமக்கு என்னில நம்பிக்கை இல்லையா? அந்தோனியார் சாட்சியா ஒண்டும் கதைக்கமாட்டன்."

பொய்ச் சத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். டினேஷ் வந்துவிட வேண்டும் என்று றோஸ்மலருக்கு இருந்த ஆசையில் ஒரு சொட்டும் குறையாத ஆசை அவருக்கும் இருந்தது. சனிக்கிழமைகளில் எதிர்க் கதிரையில் டோட்முண்டைத் தெரிந்த ஒருவன் இருப்பான், கீத்துக்குச் சொல்லிச் சொல்லி அலுத்த கதைகளை இனித் தமிழிலேயே சொல்லலாம் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ரயில் ஏழு நிமிசம் பிந்தியது. செபமாலைமுத்து வானத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் யாரோ சிப்ஸ் பைக்கற்றைக் காலடியில் போட்டார்கள். செபமாலைமுத்து ஜன்னலைப் பார்த்தார். பப்பின் வாசலில் நின்று டினேஷ், "வரிசை ஒண்டையும் காணேல்லையே அத்தான், ஆர் முதல் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான்.

"உள்ளுக்கு நிக்கிறவைக்குத் தெரியும். உன்ர முறை வர உன்னைப் பாப்பினம்."

உண்மையாகவே பார்த்தார்கள். கைபிடி இழுக்கும் பெண், எது வேண்டும் என்று தெரியாமல் முழித்த டினேஷுக்குச் சின்னக் கிளாசில் மூன்று வகை ஊற்றி, ருசி பார்த்துவிட்டுச் சொல்லு என்று நீட்டினாள். அவன் அசந்துபோனான். பிடித்ததைச் சொன்னதும் விளிம்பு வழிய ஒரு பைன்ற் வந்தது. நுரை, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. செபமாலைமுத்துவின் தொண்டைக்குள் இருந்து "அங்..." என்று ஒன்று புறப்பட்டது. அதை அவர் அவசரமாக இருமலாக மாற்றினார். சொந்தச் செலவில் நான் ஒரு மெடல் அடித்துக் கொடுத்திருப்பேன், அந்த இருமலுக்கு.

மூலை மேசையில் போய் இருந்தார்கள். டினேஷ் ஒரு மிடறு குடித்தான். இன்னொரு மிடறு. கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.

"அத்தான், உண்மையைச் சொன்னால் அங்கத்தைப் பியரை விட இது நல்லாக் கிடக்கு."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஓமடா என்று சிரித்துவிட்டு இன்னொன்று வாங்கிக் கொடுப்பான். நாலு மணிக்கு வீடு பார்ப்பான். காரியம் பழமாகியிருக்கும். ஆனால் ஜெர்மன் பியரை, டோட்முண்ட் பியரை, ஒருவன் தன் முகத்துக்கு நேரே குறைத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க ‘அங்கை எண்டால்’ அண்ணையால் ஏலுமா?

"நீ என்ன கதை கதைக்கிறாய்? அங்கை எண்டால் வார்க்கிறதே ஒரு கலை."

"இப்ப ஆர் அத்தான் ஏழு நிமிசம் நிண்டு வார்க்கினம்? கிளாசை வச்சிட்டுப் போயிடுவினம்."

"ரெயின் எண்டால் ஒரு நிமிசம் பிந்தாது."

"நான் ஏர்போட்டுக்கு வந்த ரெயின் ஒண்டேகால் மணித்தியாலம் பிந்தினது."

"அண்டைக்கு ஏதாவது நடந்திருக்கும்."

கவனித்தீர்களா? ஜெர்மனியில் இருந்து நேற்று வந்தவன் ஜெர்மனி சரியில்லை என்கிறான். பத்து வருடத்துக்கு முன் அங்கிருந்து ஓடிவந்தவரோ, இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். சந்தியில் இருந்த பாண் கடை பூட்டுப்பட்டுப் போனது என்றான் டினேஷ். அந்தக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலமை றொசாந்திக்கென்று சூட்டோடு எடுத்து வைத்திருந்த பணிசைப் பற்றி இவர் சொன்னார். டொக்ரரைப் பார்க்க மாசக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கு என்றான் அவன். மேல்மாடியில் இருந்த ஜெர்மன்காரக் கிழவி, பனி கொட்டிய நாளில் றோஸ்மலர் வயிற்றில் பிள்ளையோடு வழுக்கி விழக்கூடாது என்று விடிய அஞ்சு மணிக்கு எழும்பி வாசலைக் கூட்டி உப்புப் போட்டதை இவர் சொன்னார். சைடர் குடித்துப் பார்ப்போமா என்று டினேஷ் கதையை மாற்றப் பார்த்தான். குடித்துக்கொண்டே இவர் பிராங்பேர்ட் பக்கத்து அப்பிள் வைனுக்குப் போனார். அங்கிருந்து ஆவணி மாதம் கெவ்லார் மாதா திருவிழாவுக்குப் போனார். சுவிஸ், ஒல்லாந்து, பிரான்ஸ் என்று எல்லா இடத்திலும் இருந்து சனம் வந்து குவிய, புல்லில் பாய் விரித்து இருந்து எல்லாரும் எல்லாருக்கும் சோறு குழைத்துக் கொடுத்ததை, டினேஷின் மூத்தவன் தவழ்ந்துபோய் ஆரோ ஒரு சிஸ்ரரின் மடியில் நித்திரையாகிக் கிடந்ததைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

டினேஷ் சைடர் கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அத்தான், அங்கை இருக்கேக்க உதொண்டும் ஞாபகம் வாறேல்லை. நீங்கள் சொல்லத்தான் தெரியுது, என்னத்தை எல்லாம் விட்டிட்டு வரப் பாத்தனாங்கள் எண்டு."

"அதைத்தானே நான் இவ்வளவு நேரமும் சொல்லுறன்" என்றார் செபமாலைமுத்து. பத்து வருடமாகக் கீத்திடம் வெல்ல முடியாத வாதத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக வென்றிருந்தார். அந்தச் சந்தோசத்தில் எழும்பிப் போய்த் தானே இன்னும் இரண்டு வாங்கிவந்தார்.

திரும்பி வரும் ரயிலிலும் சந்தோசம் நிலைத்தது. லூயிஷாமில் இறங்கி, ரோட்டால் திரும்பி, சிவப்புக் கதவு போட்ட அந்த வாடகை வீட்டின் முன்னால் பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற றோஸ்மலரைக் கண்ட பிறகுதான், தான் என்ன வேலை பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. கையில் பைலோடு ஏஜென்சிப் பெண் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றான் டினேஷ். "குறை நினையாதை. வீடு பாக்கத் தேவையில்லைப்போல கிடக்கு. நாங்கள் அங்கையே இருப்பம் எண்டு யோசிக்கிறன்."

றோஸ்மலர் தம்பியைப் பார்க்கவில்லை. புருசனைத்தான் பார்த்தாள்.

"கதைச்சிட்டீங்கள், என்ன?"

"நான் பியரைப் பற்றித்தான் கதைச்சனான்."

ஏஜென்சிப் பெண் இவ்வளவு நேரமும் காத்துநின்றது பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, றோஸ்மலர் தனியாக உள்ளே போனாள். கீழே ஒவ்வொரு அறையின் லைற்றையும் போட்டுப் பார்த்தாள், குசினிக் குழாயைத் திறந்து பார்த்தாள், மேலே ஏறி நடக்கும் சத்தம் கேட்டது. ஆண்கள் இரண்டு பேரும் கேற்றடியில் நின்றார்கள். பத்து நிமிசத்தால் இறங்கி வந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள்.

"பின் அறை பிள்ளையளுக்குத் தாராளமாக் காணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த வருடக் கடைசியில் கதவு பூட்டுப்பட்டது. செபமாலைமுத்து இப்போதும் சனிக்கிழமைகளில் பப்புக்குப் போகிறார். குறை சொல்வதில்லை. கீத் இரண்டு தரம் சுகமில்லையா என்று கேட்டுவிட்டார்.

இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போது, ‘முந்தி எழுதினவை எண்டால் இதை எவ்வளவு நல்லா எழுதியிருப்பினம்’ என்று உங்களுக்குள் ஒரு வசனம் ஓடிப்போனதா? ஓடியிருந்தால், வீட்டில் இருப்பவரிடம் மெல்லப் போய் ஒன்று கேளுங்கள்: என் கதையைக் கேட்டு நம்மிடம் வராமல் போனவர் யாராவது உண்டா? அவர் யோசிக்காமலே ஒரு பெயரைச் சொல்வாரானால், அந்த அண்ணை நீங்கள்தான்.