மணல் பல், ரோட்டுப் பல்

"மணல் பல்லே போடுய்யா, நான் சொல்றத..."

"ஓசூர்ல போத்திக்கினு குந்திக்கினு நீ எனக்கு ஆக்சில் சொல்லித் தராத. ரோட்டுப் பல்லுதான்..."

"ரோட்டுலயா மீன் புடிக்கிறாங்க? துறை மணலு முழங்கால் வரிக்கும் உள்ள வாங்குமே, அத்த மறந்துட்டு..."

"நான் ஒண்ணும் மறக்கல."

"மறந்துட்டே. வயசாயிடுச்சி உனக்கு."

தானியேல் போனைக் காதிலிருந்து எடுத்து, ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார். பழவேற்காட்டு மெக்கானிக் ஷெட்டில் அவருடைய ஜீப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஜாக்கியின் மேல் நின்றது. அடியிலிருந்து மெக்கானிக் லோகேஷின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களே சிரிப்பது போல இருந்தது.

தோணிரேவுத் துறையிலிருந்து மீனும் இறாலும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகிற பழைய டீசல் ஜீப் அது. வண்டிக்குக் குறையில்லை, தானியேலின் இடது முழங்கால்தான் இனிமேல் கிளட்ச் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஆகவே பழைய கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த வெளிநாட்டு வண்டி ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை லோகேஷ் பொருத்தினான். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும். கடைசியில் ஓவர்டிரைவ் என்று ஒரு கியர். அதில் விழுந்தால் வண்டி ஓடும், என்ஜின் தூங்கும். அதுவரைக்கும் சரி. அப்புறம்தான் அவன் கேட்டான்:

"பின் ஆக்சில்ல இன்னா பல்லுண்ணா போடட்டும்?"

பல் என்றால் ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரம். டயர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் என்ஜினிலிருந்து வரும் தண்டு ஐந்து சுற்றுக்குக் கிட்டச் சுற்றினால் அது மணல் பல். வேகம் வராது, யானை மாதிரி இழுக்கும். நாலுக்கும் குறைவாகச் சுற்றினால் ரோட்டுப் பல். குதிரை மாதிரி ஓடும், சுமையைக் கண்டால் முகம் சுளிக்கும்.

பொன்னேரிக்குப் போகிற வண்டிக்குக் குதிரை எதற்கு என்று துறையே கேட்டது. அதற்குத் தானியேலின் பதில் ஓசூரில் இருந்தது. மகளின் பிரசவத்துக்கு உதவியாகப் போன மனைவி ரோஸ்மேரி, பேரன் நடக்க ஆரம்பித்து, பால்வாடிக்கும் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. 'வா' என்று கூப்பிட தானியேலுக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் போய் இறங்கினால், பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று மருமகன் மனசுக்குள் சிரிப்பான். ஜீப்பில் போனால் கதையே வேறு. 'இந்தப் பக்கம் ஒரு லோடு இருந்துச்சி, அப்படியே எட்டிப் பாத்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பும்போது பக்கத்து சீட் காலியாகத்தானே இருக்கும்.

ரோட்டுப் பல்லே ஏறியது.

பொன்னேரி ரோட்டில் வண்டி ஓவர்டிரைவில் விழுந்ததும் என்ஜின் ஜுரம் கண்டது போல நடுங்கியது. உடனே கியர் கீழே இறங்கிற்று. கொஞ்சம் தெம்பு வந்ததும் மறுபடி ஏறிற்று. உள்ளே வருவதா, கோபித்துக்கொண்டு போவதா என்று வாசற்படியில் நின்று யோசிக்கிற சம்பந்தி மாதிரி, பொன்னேரி வரைக்கும் இதே கூத்து. திரும்பி வந்து துறையில் இறால் கூடைகளை ஏற்றினால், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே கிணறு வெட்டியது.

படகுக்காரன் கவியரசன் வடக்கயிற்றோடு வந்து சேர்ந்தான். "தானா கியர் மாறும்னு சொன்னியே மாமா. தானா புதையும்னு சொல்லவேயில்லியே."

அன்று சாயங்காலம் தானியேல் ஓசூருக்குப் போன் போட்டார்.

"சொன்னனா இல்லியா?" என்றாள் ரோஸ்மேரி. குரலில் வெற்றியைவிட வேறு ஏதோ ஒரு சந்தோஷம் இருந்தது. "முகத்துவாரம் தொறந்து கீதா? இல்ல, மண்ணு மூடிக்கிச்சா?"

"தொறந்துதான் கீது. பல்லு விஷயத்துக்கு வா."

"வரேன் இரு. வாடைக் காத்து ஆரம்பிச்சிட்ச்சா? எறா இன்னா சைஸு வருது?"

"விரல் தடிமனுக்கு வருது. ரோசு, நான் மணல் பல்லே போட்டுர்றேன்."

"மணல் பல்லா? யாரு சொன்னா?"

"நீதானடி சொன்னே."

"அது அப்ப. இப்ப மருமவன் சொல்றாரு, அந்தப் பல்லு பெரிய ரோட்ல கத்திக் கூப்பாடு போடுமாம். அவசரப்படாத. நாளைக்கிப் பேசலாம்."

மறுநாள் பேசினார்கள். அதற்கு மறுநாளும் பேசினார்கள். கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்ட நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. எல்லாம் ஆக்சிலைப் பற்றித்தான். பேச்சு எங்கே சுற்றினாலும், போனை வைத்த பிறகு தானியேலுக்கு வீடு முன்னைவிடப் பெரிசாகத் தெரிந்தது. சீக்கிரம் ஒரு பல்லைப் போட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுப்பார்.

கடைசியில் ரோஸ்மேரியே ஒரு வழி சொன்னாள். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு பல்லு இருக்குமில்ல? அத்தப் போட்டுப் பாரு."

நடுப்பல் போட்டார். பின்னால் மட்டும். முன் ஆக்சில் பழைய பல்லோடு கிடந்தது, அது யாருக்கும் ஞாபகமில்லை. துறை மணலில் நாலு சக்கரத்துக்கும் விசையைக் கொடுத்ததும், முன்சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, பின்சக்கரம் வேறொரு கணக்கில் சுற்ற, ஜீப் தன்னோடு தானே மல்லுக்கட்டி நின்றது. அடியில் 'டணக்' என்று ஒரு சத்தம். தண்டு ஒடிந்து மணலில் விழுந்தது.

துறையின் ஒரே வழியை அடைத்துக்கொண்டு ஜீப் நிற்க, பின்னால் நண்டுக் கூடைக்காரிகள் வரிசை கட்டிவிட்டார்கள். "ஏன்யா தானியேலு, முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி இழுத்தா வண்டி எங்கயா போவும்?" என்றாள் அங்காளம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். தானியேல் சிரிக்கவில்லை. ஓசூர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது போல இருந்தது அவருக்கு.

டிராக்டர் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். லோகேஷ் கவிழ்த்த டின்னின் மேல் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"முன்னாடியும் பின்னாடியும் மணல் பல்லே போட்டுடலாம்ணா."

"ரோட்ல கத்துமேடா."

"கத்தாதுண்ணா. ஓவர்டிரைவ் எதுக்குக் கீது? அதுல விழுந்தா என்ஜின் சுத்து நல்லா கொறஞ்சிடும். மணல்ல யானை, ரோட்ல குதிரை. இந்த கியர்பாக்ஸுக்கு அதான் சரியான பல்லு."

தானியேல் அவனையே பார்த்தார். "இத்த மொதல் நாளே ஏன்டா சொல்லல?"

லோகேஷ் ஸ்பானரை எடுத்துத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஷெட்டை ஒட்டிய வீட்டு வாசலில் அவன் மனைவி ஜமுனா நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தான். அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"தோணலண்ணா," என்றான்.

மணல் பல் இரண்டு பக்கமும் ஏறியது. துறை மணலில் நிறைந்த கூடைகளோடு வண்டி அலுங்காமல் வெளியே வந்தது. பெரிய ரோட்டில் ஏற்றி மிதித்தார். ஓவர்டிரைவ் விழுந்தது தெரியவேயில்லை. என்ஜின் முணுமுணுக்க, ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. தானியேலுக்குக் கண் கரித்தது. காற்று என்று சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு ஓசூருக்குப் போன் செய்யவில்லை. வாயைத் திறந்தால் விஷயம் கொட்டிவிடும். கை சும்மா இராது என்று போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, வண்டியைக் கழுவினார். பக்கத்து சீட்டை மட்டும் இரண்டு தரம் துடைத்தார். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். சாயங்காலம் மாற்று டயர் வாங்க ஷெட்டுக்கு வந்தார்.

"விடியக்காலம் ஓசூருக்குக் கெளம்பறேன்டா. லோடு கீது."

"ஓசூருக்கா?" லோகேஷின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "இன்னா லோடுண்ணா?"

தானியேல் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "கருவாடு," என்றார்.

அப்போது ஜமுனா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் போன். பேசுகிறவருக்குக் கேட்காதபடி அதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"அண்ணா, ஓசூர்லேந்து அண்ணி. இன்னிக்கி நீங்க போன் பண்ணலியாம், வண்டிய சரி பண்ணிட்டீங்களான்னு கேட்டு ஒரே அழுவ. 'நான்தான் முடிக்காம இழுத்துக்கினே இருங்கன்னு உங்க ரெண்டு பேராண்டயும் சொன்னேனே ஜமுனா, வண்டி கெட்டுக் கெடந்தாதானே அந்த மனுசன் என்கூடப் பேசறாரு'ன்றாங்க. நான் இன்னாண்ணா சொல்லட்டும்?"