குடை அண்ணையின் கார்க்கூரை

உலகத்தில் ஓடும் கார்களில், பயணி குடை விரித்தால் மட்டுமே புறப்படுகிற கார் ஒன்றுதான் உண்டு. அது பருத்தித்துறையில், எங்கள் ஒழுங்கையில், குடை அண்ணை வீட்டு வேப்பமரத்தின் கீழ் நிற்கிறது.

ஜப்பானில் பிறந்து, முதுமையைக் கழிக்க யாழ்ப்பாணம் வந்த கார் அது. இங்கத்தைய வெயிலில் உள்கூரைத் துணியின் பின்னாலிருந்த பஞ்சு மக்கித் தூளாகிவிட, துணி தளர்ந்து தொங்கியது. முன்பக்கத்தை அண்ணை தன் தலையால் தாங்கினார். பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குடை. பின்சீட்டில் ஏறுகிறவர் அதை விரித்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"பிடிச்சிட்டியளே ஐயா?"

"ஓம்."

அதன் பிறகுதான் கியர் விழும். அரசாங்கக் கச்சேரியில் நான் அதிகாரியாக இருந்தபோது எனக்குக் குடை பிடிக்கப் பியோன் இருந்தான். ஓய்வுபெற்ற பின் நானே பிடித்தேன்.

மழை வந்தால் அண்ணை நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடுவார். குடை இருக்கிறதே என்றால், "அது காரின்ரை சாமான் ஐயா" என்பார்.

சென்ற ஐப்பசியில் அவருடைய தங்கையின் மகனுக்குக் கலியாணம். மண்டபம் அச்சுவேலியில். அந்தப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இந்தக் காரில்தான். மாப்பிள்ளையாகவும் இதிலேயே போகவேண்டும் என்பது அண்ணையின் ஒரே ஆசை. தங்கை மறுத்துவிட்டார்.

"தலைப்பாகை கட்டின பிள்ளை, கையிலை குடையும் பிடிச்சுக்கொண்டு போறதோ? சனம் சிரிக்கும் அண்ணை. நான் வேறை கார் பிடிக்கிறன்."

"கூரை விழாமல் நிண்டால்?"

"நிண்டால் பாப்பம்."

அண்ணை அன்றைக்கே தொடங்கினார். முதலில் ஊக்குக் குத்தினார். பிறகு மருந்துக் கடையில் சிரிஞ்ச் வாங்கி, பசை நிரப்பி, கூரைக்கு ஊசி போட்டார். நோயாளி தேறவில்லை. கடைசியில் பழைய துணியைக் கிழித்தெறிந்துவிட்டு, கூரை அட்டையில் படிந்திருந்த தூளின்மேலேயே புதுத்துணியை ஒட்டினார்.

"தூளைச் சுரண்டாமல் ஒட்டினால் பசை தூளைப் பிடிக்கும். தூள் எதைப் பிடிக்கும்?" என்றேன்.

"நீங்கள் கச்சேரி ஆள். சோறு தின்னவும் ஒரு நடைமுறை வைச்சிருப்பியள்."

பரிசோதனை ஓட்டத்துக்கு நானும் போனேன். நெல்லியடியில் காரை நிறுத்திய கணம், கூரை முழுவதும் இறங்கி எங்களிருவரையும் போர்த்தது. யாரோ கண்ணாடியைத் தட்டி, "உள்ளுக்கை ஆள் இருக்கோ?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர் இருக்கிறம்" என்றார் அண்ணை, துணிக்குள்ளிருந்து, மிக மரியாதையாக.

அண்ணை துணியைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுக் காரைத் திருப்பினார். வீட்டு வாசலில் இறங்கி, "சரி ஐயா, உங்கடை நடைமுறையைச் சொல்லுங்கோ" என்றார்.

விளக்கு, கைபிடி, வெயில்மறைப்பு எல்லாம் கழற்றினோம். முன்சீட்டைச் சாய்த்து, கூரை அட்டையைக் கதவு வழியே வளையாமல் வெளியே எடுத்தோம். கடற்காற்று அதைப் படகுப் பாய் என்று நினைத்துத் தூக்கியது. "அட்டையிலை ஏறி இருங்கோ ஐயா" என்றார். ஏறி இருந்தேன். என் பதவியின் கனம் ஊருக்குப் பயன்பட்டது அன்றுதான். மிச்சத் தூளையெல்லாம் அவர் சுரண்டினார்.

பசையை அட்டையிலும் துணியிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுமை அண்ணையின் குடும்பத்திலேயே இல்லை. அவர் கைகளை அடக்கிவைக்க, இரண்டிலும் ஒவ்வொரு தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தேன். அதன் பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, இழுக்காமல் தடவித் தடவி ஒட்டி, அட்டையைத் திரும்பக் காரில் பூட்டினோம்.

கலியாணத்தன்று காலை தங்கை வந்து காருக்குள் தலையை விட்டு, கூரையைக் குட்டிப் பார்த்தார். இன்னொரு முறை குட்டினார். பிறகு மகனைப் பார்த்து, "ஏறு" என்றார். அண்ணை மூக்கை உறிஞ்சிவிட்டு, தடிமன் என்றார்.

தொண்டைமானாற்று ரோட்டின் குலுக்கலுக்கும் கூரை அசையவில்லை. தலைப்பாகைக்கு மேலே இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. மண்டப வாசலில் மட்டும் மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையை இறக்க வழியில்லை. அண்ணை ஒரு கணம் யோசித்தார். பின்சீட்டுக்குக் கீழே கிடந்த குடையை எடுத்து, வெளியே நின்று விரித்தார். மடிப்புகளில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த கூரைப் பஞ்சின் மஞ்சள் தூள் மாப்பிள்ளையின் தலையில் அட்சதை போலச் சொரிந்தது.

"ஆர் அதுக்குள்ளை அறுகரிசி போட்டது?" என்றார் தங்கை.

"கார்" என்றார் அண்ணை.

கூரை இன்றுவரை விழவில்லை. ஆனாலும் பின்சீட்டில் ஏறியதும் என் கை தானாக மேலே போகிறது. "விடுங்கோ ஐயா, அது நிக்கும்" என்பார், கண்ணாடியில் என்னைப் பார்த்து. தெரியும் என்பேன். கையை எடுப்பதில்லை. அவரும் அதைப் பார்த்த பிறகுதான் கியரைப் போடுகிறார்.