மாமனாரின் நிறம்

மாமனார் மூன்றாவது முறையும் பச்சையாகவே வெளியே வந்தார்.

பிரிண்டர் அவரை உச்சந்தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பியது. நெற்றி பச்சை. மூக்கு பச்சை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரும் கணவருக்குத் துணையாகப் பச்சைதான். யோசனைக்காரர் தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் இன்னும் பச்சையாக இருந்தது.

"எங்கப்பாவுக்கு என்னங்க ஆச்சு?" என்றாள் துவைத்த துணிகளோடு அறைக்குள் வந்த மனைவி.

"ஒண்ணும் ஆகலை. மை காயலை. காய்ஞ்சா மனுஷ நிறம் வந்துடும்."

"நேத்து அடிச்சது காய்ஞ்சுதானே இருக்கு? அதுவும் பச்சைதானே?"

அவர் அடுத்த தாளைச் சொருகினார். அவரிடம் பதில் இல்லாமல் போவது அபூர்வம். குடிநீர் அலுவலகத்தில் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் அவர். அங்கேயும் சரி, மனைவியின் பிறந்த வீட்டிலும் சரி, யாரும் கேட்காமலேயே யோசனை சொல்வார். பற்பசைக் குழாயை எந்த இடத்தில் வெட்டினால் இன்னும் நாலு நாள் வரும், பழைய குளியல் துண்டை எத்தனை மிதியடியாக ஆக்கலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. யோசனைக்காரர் என்று பெயர் வைத்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பெரிய டைல்ஸ் கடை வைத்திருப்பவர். விலை குறைவான எதையும் அவர் மதிப்பதில்லை.

வினை வந்ததும் அவரால்தான். போன வாரம் மாமனார் வீட்டில், மாமனார் மாமியாரின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு அவர்கள் இருவரின் படத்தையும் பெரிதாகப் போட்டுக் கொடுப்பது என்று பேச்சு வந்தது.

"ஸ்டுடியோவில கொடுத்துடலாம்," என்றார் மச்சான்.

"எதுக்கு மச்சான் ஸ்டுடியோ? நம்ம வீட்டு பிரிண்டர் போதும். ஸ்டேஷனரி கடையில நூறு தாள் கட்டு ஒண்ணு வருது, மலிவு. அதுலயே கண்ணாடி மாதிரி எடுக்கலாம். சூட்சுமம் தெரியணும், அவ்வளவுதான்."

"மாப்பிள்ளை, மளிகை லிஸ்ட் அடிக்கிற தாள்ல எங்கப்பாவை அடிக்கப் போறீங்களா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்ததுதான் யோசனைக்காரருக்கு உறைத்தது. வாய் முந்திக்கொண்டது. "ஸ்டுடியோ படம் மாதிரியே இல்லைன்னா, இனிமே இந்தக் குடும்பத்தில யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லமாட்டேன். போதுமா?"

மச்சான் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. சாகிற வரைக்கும்!"

மாமியார்கூட ஆவலோடு தலையாட்டினார். வேறு ஒருவராக இருந்தால் இதில் இழக்க என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார். யோசனைக்காரருக்கு அப்படி இல்லை. யோசனை சொல்லாமல் அந்த வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆக, பச்சை. கணினியில் படத்தைத் திறந்து சிவப்பைத் தாராளமாகக் கூட்டினார். மாமனார் மஞ்சளாக வந்தார்.

"காமாலை வந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

இன்னும் சிவப்பைக் கூட்டினார். காமாலை முற்றியது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பிரிண்டரில் சிவப்பு மை வரும் துளையே அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்யும் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். உள்ளே ஏதோ கரகரவென்று ஓடி நின்றது. நம்பிக்கை இல்லாமல் ஆறு முறை அழுத்தினார். அடைப்பு திறந்துகொண்டது. ஏற்கெனவே கூட்டி வைத்த சிவப்போடு இந்தச் சிவப்பும் சேர்ந்துகொள்ள, மாமனார் கண்ணெல்லாம் சிவந்து வந்தார்.

"எங்கப்பா வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க," என்றாள் மனைவி. குரல் லேசாக உடைந்திருந்தது.

கூட்டியதை எல்லாம் குறைத்தார். நிறம் நேராயிற்று. ஆனால் படம் சாயம் போன கைக்குட்டையில் அடித்ததுபோல் ஊறி மங்கியது. மை போதவில்லை என்று தீர்மானித்து, அமைப்பில் 'உயர்தரப் பளபளப்புத் தாள்' என்று பொய்யாகத் தேர்ந்தெடுத்தார். பிரிண்டர் நம்பிவிட்டது. வந்த தாள் சொதசொதவென்று நெளிந்து, மாமியாரின் தாடை மெல்ல வழிந்து அவருடைய புடவையில் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மாலைதான் அவருக்கு இன்னொன்று தோன்றியது. இந்தத் தாளில் ஒரு பக்கம்தான் மையை வாங்கும். அதற்கான பூச்சு அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. உதட்டை ஈரப்படுத்தித் தாளில் வைத்தால், பூச்சு உள்ள பக்கம் ஒட்டும்.

மனைவி டீ கொண்டுவந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். "ஒரு யோசனையும் சொல்லாம இருந்துதான் பாருங்களேன். அப்படியொண்ணும் மோசமா இருக்காது," என்றாள்.

"நீயுமா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. தாள் உதட்டில் ஒட்டியிருந்தது. சரியான பக்கம்!

அதற்குமேல் வேலை சூடுபிடித்தது. சரியான பக்கத்தில் அடித்தும் படம் கொஞ்சம் இருண்டுதான் வந்தது. மலிவுத் தாள் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் கணினியில் படத்தைச் சிறுகச் சிறுக வெளுக்க வைத்து, தாளை மிச்சம் பிடிக்கச் சின்னச் சின்னத் துண்டுகளில் அடித்துப் பார்த்தார். மறுபடி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் சுத்தம் செய்யும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். கண் ஒரு துண்டு, மூக்கு ஒரு துண்டு. காய்வதற்காக அவற்றைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டினார்.

சனிக்கிழமை காலை துணி காயப்போட வந்த மனைவி அலறினாள். "எங்கப்பாவை வெட்டிக் கொடியில தொங்கவிட்டிருக்கீங்களே!"

"பதினேழாவது மூக்கைப் பாரு! அசல்!"

அசல்தான். அவளாலும் மறுக்க முடியவில்லை. திரையில் பார்த்தால் இருவரும் மாவு மூட்டையில் விழுந்து எழுந்தவர்கள்போல் வெளுத்திருந்தார்கள். தாளில் அதே படம் ரத்தமும் சதையுமாக வந்தது. இதுதான் சூட்சுமம். படத்துக்கு 'இதுதான் கடைசி' என்று பெயர் வைத்துச் சேமித்தார். முழுத் தாளைச் சொருகினார். பொத்தானை அழுத்தினார்.

பிரிண்டர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மௌனமாகிவிட்டது. அணைத்துப் போட்டார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டார்.

"எத்தனை தடவை சுத்தம் பண்ணினீங்க?" என்றது போன்.

"ஒரு... நாற்பது தடவை இருக்கும்."

"சுத்தம் பண்றப்போ வழியிற மையெல்லாம் எங்க போகும்னு நினைச்சீங்க? அடியில ஒரு பஞ்சு இருக்குங்க. அது ரொம்பிடுச்சு. இனிமே பிரிண்டர் அசையாது. புதுப் பஞ்சு வர பத்து நாள் ஆகும்."

விழாவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. யோசனைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கே ஒரு யோசனை தேவைப்பட்டது. வந்த யோசனை மிகவும் கேவலமானது. அதனாலேயே, மனம் மாறுவதற்குள் எழுந்தார்.

'இதுதான் கடைசி'யை பென்டிரைவில் போட்டு ஒரு துணிப்பைக்குள் நழுவவிட்டார். மிச்சமிருந்த காகிதக் கட்டையும் அதன்மேல் வைத்தார். மனைவியிடம், "இந்தக் கட்டை மாத்திக்கிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, நாலு தெரு தாண்டித் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்.

ஸ்டுடியோக்கார அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நிமிர்ந்து பார்த்தார். பென்டிரைவ் பையின் அடியில் போயிருந்ததால், கட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார் இவர்.

"முழுத் தாள் சைஸ். ஃபிரேம் போட்டுப் பின்பக்கம் அட்டை ஒட்டி மூடிடுங்க. உள்ள என்ன தாள்னு யாருக்கும் தெரியக்கூடாது."

அந்த அம்மாளுக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். "படத்தில ஏதாவது திருத்தணுங்களா?"

அந்த நிலையிலும் யோசனைக்காரருக்கு ரோஷம் வந்தது. "ஒண்ணையும் தொடக்கூடாது! பதினேழு தடவை நானே திருத்தியிருக்கேன்."

ஒரு மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வந்தார். ஃபிரேம் போட்ட படம் தயாராக இருந்தது. காசு கொடுக்கவும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நன்றாக இருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்லி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தார்.

"பிரிண்டருக்கு உயிர் வந்துடுச்சா?" என்றாள், கடைத்தெருவுக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிய மனைவி.

"வந்துது. ஒரே ஒரு தாள் அடிச்சுது. மறுபடியும் போயிடுச்சு. கையோட ஃபிரேமும் போட்டுட்டேன்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தோளில் கை வைத்து, "அண்ணன் சிரிச்சப்போ நானும் சிரிச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். யோசனைக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மாமனார் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. செய்தித்தாளைப் பிரித்ததும் எல்லோரும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நானா இது?" என்றார் மாமனார். மாமியார் ஃபிரேமைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சான் மட்டும் படத்தைத் தூக்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். அட்டை கெட்டியாக ஒட்டியிருந்தது.

"மாப்பிள்ளை, இது சாதாத் தாள் இல்லை. கடைப் பேப்பர்."

"அதே கட்டு, மச்சான். அதே தாள்," என்றார் யோசனைக்காரர்.

"சரி. இன்னிக்குப் போட்டோ எடுக்க ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். தொழில் தெரிஞ்சவங்க. அவங்க சொல்லட்டும்."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கேமராப் பையோடு உள்ளே வந்தவர் நேற்றைய ஸ்டுடியோக்கார அம்மாள்.

யோசனைக்காரர் சட்டென்று நகர்ந்தார். மச்சானின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணால் கெஞ்சினார், கையைக் கூப்பினார், உதட்டில் விரலை வைத்தார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படத்தின் பக்கம் குனிந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் மச்சான். "இது ஸ்டுடியோப் பேப்பர்தானே?"

"இல்லைங்க. மலிவுத் தாள்தான். நூறு நூறாக் கட்டி விப்பாங்களே, அது."

"நிச்சயமாவா?"

"சத்தியமாங்க."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. யோசனைக்காரருக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம்போல் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரு நல்ல மனுஷி இப்படிச் சத்தியம் பண்ணிப் பொய் சொல்வார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மனைவி கூட்டத்தை ஒரு சுற்று பெருமையாகப் பார்த்தாள்.

"தோத்துட்டேன், மாப்பிள்ளை," என்றார் மச்சான். "இனிமே நீங்க என்ன யோசனை சொன்னாலும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிறேன்."

யோசனைக்காரர் அந்த நிமிடமே தொடங்கிவிட்டார். கூடத்தில் மூன்று விளக்கு எதற்கு, ஒன்று போதும் என்றார். டீ வடிகட்டிய தூளைத் தூக்கிப் போடக்கூடாது என்றார். மாமியாரின் மருந்து டப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, ஸ்டுடியோக்கார அம்மாள் கேமராப் பைக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, எல்லோர் முன்னாலும் அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க, நேத்து கடையிலேயே மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க, நீங்க படத்தைத் தொடக்கூடாதுன்னுட்டீங்க, எங்க பேப்பர்லயோ ரெண்டு பேரும் சுண்ணாம்பா வெளுத்து வந்தாங்க, அதான் உங்க கட்டுலேர்ந்தே ஒரு தாளை உருவி அடிச்சுக் கொடுத்துட்டேன்!"