மணிவேலின் பௌர்ணமித் திட்டம்

கோபியின் மாவீரன் செங்கோடனை மணிவேல் கடைசியாக உயிரோடு பார்த்தது, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். வாளைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் நடுவே நின்றான் செங்கோடன். மணிவேல் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினார். எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“பாலம் உடைஞ்சிடுச்சு. செங்கோடன் செத்துட்டான்.”

“டைஸைக் காட்டுங்கண்ணா,” என்றான் கோபி.

“கேம் மாஸ்டர் டைஸைக் காட்ட மாட்டான். அது மரபு.”

செங்கோடன் சாகக் காரணம் பாலம் இல்லை, கோபியின் வாய். சற்று முன்புதான் அவன், “புது எடிஷன் வந்திருக்குண்ணா. கூடவே போனுக்கு ஒரு ஆப்பும் குடுக்கிறான். டைஸ் ஆப்லயே உருளும், எல்லாரும் பாக்கலாம்,” என்று சொல்லியிருந்தான்.

இந்த விளையாட்டில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். பிழைப்பதா, சாவதா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்பவர்தான் கேம் மாஸ்டர். அந்த நாற்காலி மணிவேலுக்கு ஏன் உயிர் என்பது அவர் வீட்டை அறிந்தவர்களுக்குப் புரியும். என்ன குழம்பு, எந்தச் சட்டை, மின்விசிறி எவ்வளவு வேகம், எல்லாம் மனைவி அருணாதேவியின் ஆட்சி. ஞாயிறு மதியம் மட்டும் இடியும் மழையும் மணிவேல் பேச்சைக் கேட்டன.

அருணாதேவி டீ கொண்டுவரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கொண்டுவருவாள்.

“ஏங்க, ஊரே பத்தி எரியுதுன்றீங்க. அந்த ராஜாவுக்குப் பொண்டாட்டி இல்லையா? அவ ஒரு வார்த்தை கேக்க மாட்டாளா?”

“உனக்குப் புரியாது. டீயை வச்சிட்டுப் போ.”

டீயை வைத்துவிட்டுப் போவாள். கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாள்.

செங்கோடன் செத்த அன்று, மந்திரவாதியாக ஆடும் அறிவுமதியும் கோபி பக்கம் சாய்ந்தாள். “பழைய ரூல்ல கணக்குப் போட்டே மூச்சு வாங்குதுண்ணா. புதுசுல ஆப்பே பாத்துக்கும். உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, நாங்க கோபி வீட்ல ஆடிக்கிறோம்.”

நாற்காலியின் நான்கு காலும் ஆடுவது மணிவேலுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“சரி. வர்ற ஞாயிறு ஆப்ல ஆடிப் பாப்போம். ஓடலைன்னா ஜென்மத்துக்கும் பழசுதான். சத்தியமா?”

“சத்தியமா!”

சத்தியம் செய்த ஜோரில் இருவரும் காலண்டரைப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு பௌர்ணமி. மலை சுற்ற லட்சம் பேர் வந்து இறங்கினால் திருவண்ணாமலையில் சிக்னல் செத்துவிடும். அன்றைக்குப் போனைவிடக் கூப்பாடு மேல்.

“இப்பவே கேம் மாஸ்டரா பேரைப் பதிஞ்சிடுங்கண்ணா,” என்று கோபி தன் போனை நீட்டினான். நம்பர் கேட்டது. மணிவேல் யோசிக்காமல் தட்டினார். கேஸுக்கும் பேங்குக்கும் ரேஷன் கார்டுக்கும் எந்த நம்பரோ அதே நம்பர். கல்யாணமான நாளிலிருந்து விரல் அப்படித்தான் பழகியிருந்தது.

சமையலறையில் ஒரு போன் சிணுங்கியது.

“ஏங்க, ஓடிபி வந்திருக்கு. கூடவே இன்னாவோ லிங்க்கும் குடுத்திருக்கான்.”

“அந்த விளையாட்டுக்குத்தான். விடு.”

“சரிங்க,” என்றாள் அருணாதேவி. விடவில்லை.

ஞாயிறு வந்தது. விடியுமுன்பே அருணாதேவி கிரிவலம் கிளம்பிவிட்டாள். கோபியும் அறிவுமதியும் கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். கோபி போனை எடுத்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“பாருப்பா, உங்க ஆப்பும் கிரிவலம் போவுது!” மணிவேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சத்தியம் சத்தியந்தான்!”

அட்டைத் தடுப்பைக் கம்பீரமாக விரித்தார்.

“ஓடுதேங்க.”

வாசலில் அருணாதேவி. நெற்றியில் விபூதி, கையில் போன். போனுக்குள் பகடை உருண்டுகொண்டிருந்தது.

“சிக்னலே இல்லாம எப்படி?” என்றார் மணிவேல்.

“புதன்கெழமையே எல்லாத்தையும் எறக்கி வச்சிட்டேன். மலை சுத்தப் போறவங்க பாட்டில்ல தண்ணி ரொப்பிக்கினு போவ மாட்டாங்களா? ரூலெல்லாம் படிச்சேன். ஜோரா இருக்கு. இந்த ஒரு போன் போதும், சுத்திக் குடுத்து ஆடலாமாம்.”

“சரி, குடு.”

“குடுக்கலாங்க. ஆனா கேம் மாஸ்டர்னு என்னை இல்ல போட்டிருக்கு! மாத்தணும்னா மறுபடி ஓடிபி வரணுமாம். இன்னிக்கு ஏது சிக்னல்?”

மணிவேல் எழுந்து வந்து போனை எட்டிப் பார்த்தார். காலியான அந்த நாற்காலியில் அருணாதேவி உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்களுக்குக் கதை சொல்ல வருமா?” என்றான் கோபி.

“குகையில டிராகன் தங்கத்து மேல ஏன் ஒக்காந்திருக்கு, சொல்லு.”

“பேராசை அண்ணி.”

“அடப் போப்பா. அதுக்கு அடியில முட்டை இருக்கு. அடை காக்குது. ஒண்ணுல விரிசல் உட்டிருக்கு, உள்ளயிருந்து யாரோ பேசற சத்தம் கேக்குது. இப்ப வாளை எடுக்கப் போறியா?”

கோபி வாளை மறந்தான். அறிவுமதி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

“யாரு பேசறது?” என்று ஒரு குரல் கேட்டது. அது மணிவேலின் குரல்தான்.

“தெரிஞ்சிக்கணும்னா ஆடுங்க,” என்று அருணாதேவி போனை நீட்டினாள்.

வாள்வீரனைக் கோபி எடுத்துக்கொண்டான். மந்திரவாதியை அறிவுமதி எடுத்துக்கொண்டாள். மீதி இருந்தது, மூட்டை சுமக்கிற கழுதை.