டிபன் பாக்ஸ் பெடலும் நிமிடத்துக்கு ஐம்பது டக்கும்

நேற்று எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். பதினொரு மணிக்குள் ஒரு பெட்டியில் வரும் சத்தத்தை நிறுத்த வேண்டும்.

பெட்டி என்றால் கிட்டாருக்கான பெடல். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். காலால் அமுக்கினால் போதும், அதுவரை நல்லபடியாகப் பாடிக்கொண்டிருந்த கிட்டார், லோடு லாரி கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற மாதிரி உறுமும். கடையில் வாங்கியது இல்லை. போனில் வீடியோ பார்த்து நானே செய்தது. வெளியே பழைய அலுமினிய டிபன் பாக்ஸ். உள்ளே நாற்பத்து மூன்று இடத்தில் ஈயம் உருக்கி வைத்த சால்டர்.

எண்ணித்தான் சொல்கிறேன். மலைமேல் செம்மேட்டில் இருபத்தாறு வருடம் மோட்டார் காயில் கட்டியவன் நான். சுற்று எண்ணி எண்ணி, இப்போது பொங்கலில் கிடக்கும் மிளகைக்கூட எண்ணிவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன்.

சரி, அவசரம் என்ன? சம்பந்தி வருகிறார்.

நான்கு வருடத்துக்கு முன் என் மகள் கல்யாணத்தில் மைக் செட் கரகரத்தது. "நான் பாக்கறனுங்க" என்று போய் ஒரே ஒரு ஒயரைத் தொட்டேன். சம்பந்தி அப்போது மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் அவர் சத்தம் போனது. அப்புறம் மண்டபத்து விளக்கெல்லாம் போனது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது! இதுவரை பதினேழு தடவை. எனக்கோ கூச்சம். பதில் பேச வராது. இலை ஓரத்து உப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் மகள் அவரிடம் சொல்லிவிட்டாள். "மாமா, எங்கப்பா கையாலயே கிட்டாருக்குப் பொட்டி செஞ்சிருக்காருங்க!"

உடனே சம்பந்தி எனக்குப் போன் போட்டார். "அப்படீங்களா சம்பந்தி! ஞாயித்துக்கெழம மலையேறி வாரேன். ஊட்டுல கரண்டு மட்டும் மிச்சம் வெச்சிருங்க."

பெடல் வேலை செய்தால் கதை பதினேழோடு நிற்கும். செய்யாவிட்டால் இரண்டாம் பாகம் தயார்.

காலை ஆறரைக்கு பிளக்கை மாட்டினேன்.

டக்.

டக்.

டக்.

நிமிடத்துக்கு ஐம்பது. மூன்று தடவை எண்ணினேன். ஐம்பது, ஐம்பது, ஐம்பது.

பேட்டரி போட்டுப் பார்த்தேன். கிட்டார் கேட்டது, டக் மட்டும் இல்லை! அப்படியென்றால் பெடல் நல்ல பிள்ளை. குற்றவாளி நான் செய்த பவர் சப்ளை. பேட்டரியிலேயே வாசித்துவிடலாமே என்று நினைத்து முடிக்கவில்லை, பேட்டரி செத்துவிட்டது.

கெப்பாசிட்டரை மாற்றினேன். டக். டயோடு நான்கையும் மாற்றினேன். டக். சால்டர் எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கினேன். டக். விரலில் கொப்புளம் இரண்டு.

சமையல் கட்டில் என் மனைவி மிக்சியை ஓட்டினாள். பிடித்துவிட்டேன் என்று ஓடினேன்.

"சரசு, மிக்சிய நிறுத்து!"

"கோழிக்கு மசாலா பாதிகூட அரையலீங்க."

"அதுலருந்துதான் கோளாறு வருது!"

நிறுத்தினாள். டக். பிரிட்ஜை நிறுத்தினேன். டக். பேன், பல்பு, செல் சார்ஜர். டக், டக், டக். கடைசியில் மெயினையே இறக்கினேன்.

அமைதி!

எனக்குத் தலைகால் புரியவில்லை. "கண்டுபிடிச்சுட்டேன் சரசு! நம்ம ஊட்டு கரண்டுலதான் கோளாறு! இறக்குனதும் நின்னுபோச்சு பாரு!"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "கரண்டு இல்லீன்னா உங்க பொட்டி எப்படீங்க கத்தும்?"

போய் மெயினை ஏற்றினேன்.

மணி பத்து நாற்பது. பாட்டுக்கு நடுவில் அந்தச் சத்தம் அமுங்கிப் போகுமோ என்று கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்த்தேன். எங்கே அமுங்குகிறது! பாட்டு பாதியில் இருக்கும்போதே வாசலில் சம்பந்தி நின்றார். இருபது நிமிடம் முன்னதாக!

"அடடா சம்பந்தி! ரோட்டுலயே கேட்டனுங்க! தாளம் ஆருங்க போடறது? மணியாட்ட உளுகுது!"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன். ஆனால் தப்பான கணக்கை விட்டுவைக்க எனக்கு வராது.

"அது தாளம் இல்லீங்க," என்றேன். "கோளாறுங்க."

"கோளாறா!" அவர் முகம் அப்படியே பூத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெருமாள் கத்தினான். "அண்ணி! பலாக்கா பறிக்கோணும், வேலிய நிறுத்திப்போட்டேன்! மாடு கீடு வந்தாப் பாத்துக்குங்க!"

அந்த நொடியில் டக் நின்றது.

வேலி என்றால், காட்டுப்பன்றிக்காக அவன் போட்டிருக்கும் சோலார் கரண்டு வேலி. விட்டு விட்டுத்தான் அடிக்கும். நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று நான் அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை.

கொல்லைக்கு ஓடினேன். எர்த் கம்பியை ஈரமான இடத்தில் அடிக்க வேண்டும் என்பது பாடம். எங்கள் வீட்டில் ஈரமான இடம், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடம். போன வாரம் பவர் சப்ளையின் எர்த் ஒயரை, என் கம்பி என்று நினைத்து, அங்கே இருந்த கம்பியில்தான் மாட்டினேன். இப்போது உட்கார்ந்து பார்த்தால், கம்பியில் இரண்டு ஒயர்! ஒன்று என்னுடைய பச்சை. இன்னொன்று கறுப்பு, மண்ணுக்குள் புகுந்து பெருமாள் தோட்டத்துக்குப் போகிறது. என் கம்பியோ ஒரு அடி தள்ளி, சேம்பு இலைக்கு அடியில் சும்மா நின்றது.

பெருமாள் வேலி ஓரம் வந்தான். "அது நம்ம வேலிக்கு எர்த்துங்கண்ணா, அடிச்சு ரெண்டு வருசமாச்சு. ஈரம் நம்ம பக்கம் இல்லீங்க. அண்ணிகிட்டக் கேட்டுத்தான் அடிச்சனுங்க."

"உனக்குத் தெரியுமா?" என்று சரசுவைப் பார்த்தேன்.

"தெரியுமுங்க. நீங்க எதையாச்சும் வாயத் தொறந்து கேட்டாத்தானே?"

பச்சை ஒயரைக் கழற்றி என் கம்பியில் மாட்டினேன். பெருமாள் காயைப் பறித்து, வேலியைப் போட்டுவிட்டு, காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். பெடலில் சத்தம் இல்லை. பூஜ்ஜியம்! குதிக்காத குறைதான். சம்பந்தி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து வாசித்தேன்.

பாட்டு முடிந்ததுமே அவர் கையைத் தூக்கினார். "சம்பந்தி, ஆருங்க தொரத்தறது?"

"ஏனுங்க?"

"இந்த ஓட்டம் ஓடறீங்களே!"

பெருமாளும் தலையாட்டினான். "ஆமாங்கண்ணா. முன்னாடி நல்லா நடந்து போச்சு. இப்ப வெறி நாய் பின்னால வாராப்பல இருக்குதுங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடப் பாட்டு இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிந்திருந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனையையும் எண்ணுகிறவனுக்குத் தாளம் மட்டும் எண்ண வரவில்லை!

"அந்த டக்கு டக்க மறுபடி போடுங்க," என்றார் சம்பந்தி.

"அது கோளாறுங்க."

"இருக்கட்டுங்க. நீங்க வாசிக்கறதுக்கு அந்தக் கோளாறு எவ்வளவோ தேவலாம்."

பெருமாளே போய் ஒயரை மாற்றி மாட்டினான். டக், டக், டக். மூன்று பாட்டு வாசித்தேன். சம்பந்தி தொடையில் தட்டினார். சரசு கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். பெருமாள் பலாக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினான். நானும் சிரித்துவிட்டேன், வெளியே சத்தம் கேட்கிற மாதிரி.

சாப்பிட்டு எழுந்ததும் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, அந்த மைக் செட் கதய இன்னியோட உட்டுட்டனுங்க. சத்தியமா! இனி வாயில வராது."

அவர் கையை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான்கு வருடம்!

அவர் அப்படியே வாசலுக்குப் போய் அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, சாப்ட்டாச்சா? ஒரு சேதி கேளு. எங்க சம்பந்தி கிட்டார் வாசிக்கறாரு, பன்னி வேலி தாளம் போடுது…"

மைக் செட் கதை நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். இது பதினொரு நிமிடம் ஓடியது.