போலாம் ரைட் அண்ணனும் போகாத பாசியும்

பாசியை எதிரே நிறுத்தி வைத்து அதட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் புதுக்கோட்டையில், எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

தெருவுக்கு அவர் 'போலாம் ரைட்'. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். கோட்டைப்பட்டினம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறியது கொசு மட்டும்தான் என்பார்கள். அதையும் நடுவழியில் இறக்கிவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. சாப்பிட்டு எழுந்தால் போலாம் ரைட், செருப்பு மாட்டினால் போலாம் ரைட். ஒருமுறை திருவரங்குளம் கோயிலில் தீபாராதனை முடிந்ததும் தன்னை அறியாமல் அவர் குரல் கொடுக்க, குருக்கள் தட்டோடு விறுவிறுவென்று நடந்தே விட்டார்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். போன வருடம் மதினிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு சீக்கிரமே திரும்பியது, முன்னைவிடக் கூர்மையாக. கை மட்டும் திரும்பவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அந்த விரல்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துபாயில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது, அம்மா பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே என்று கட்டிலை ஒட்டி ஒரு மீன் தொட்டியை வைத்துவிட்டுப் போனான். உள்ளே தங்க மீன்கள்.

மகன் விமானம் ஏறினான். பாசி வந்து இறங்கியது.

“ஏங்க, மீனெல்லாம் எங்கங்க? கீரை கடைஞ்சு ஊத்துன மாதிரில்ல இருக்கு” என்றார் மதினி.

அன்று தொடங்கியது போர். அண்ணன் பழைய டூத் பிரஷ்ஷோடு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார். தேய்த்தபடியே சத்தம் போட்டார்: “ஏய், ஒன்னத்தான்! கடைசி ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்கு! அங்கிட்டு மூலையில ஒளிஞ்சிருக்கவன், நீயும்தான்!” ஏதோ வேலையாக வாசல்வரை வந்த ஒருவர், யாரோ வேண்டாத விருந்தாளி வீட்டுக்குள் இருக்கிறார் என்று நினைத்து வந்த வேலையைச் சொல்லாமலே திரும்பிப் போனார்.

கண்ணாடி பளபளத்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி பச்சை.

வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார் மீன் கடைக்காரர். அண்ணனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சன்னல்களைச் சாத்தினார், டியூப் லைட்டைக் கழற்றினார், தொட்டிக்கு வேட்டியைப் போர்த்தினார். வீடு குகையாகிவிட்டது. மதினியைப் பார்க்க வந்த குடுமியான்மலை மாமா ஒருவர், மூலையில் இருந்த அரிசி மூட்டையின் அருகே உட்கார்ந்து அதனிடம் வெகுநேரம் உடம்பு விசாரித்தார்.

“மீனப் பாக்கத்தான தொட்டி? நான் என்னமோ ஒங்க வேட்டியப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்” என்றார் மதினி. வேட்டி இறங்கியது.

அடுத்து, பாசியைத் தின்னும் மீன் ஒன்று வந்தது. கடையில் அதற்கு 'டேங்க் கிளீனர்' என்று பெயர். இரண்டு நாள் கண்ணாடியில் வாயை ஒட்டி உழைத்தது. பிறகு அடியில் படுத்துவிட்டது.

அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க தம்பி, கையெழுத்தப் போட்டுட்டுத் தூங்குறான். இவனுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. காலையில நான் போடுற தீனி ஒரே ஒரு சிட்டிகை. மிச்சத்தை எவனோ போடுறான்.”

அந்த முகத்தை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் ஒருவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று தெரிந்தபின் வருகிற முகம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கதவிடுக்கில் நின்றார். மூச்சு விடக்கூட எனக்கு அனுமதியில்லை.

மதினி எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். இடது கையால் தீனி டப்பாவை மடியில் வைத்தார். மீன்கள் எல்லாம் அவர் பக்கம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. “இருங்கடி, வாரேன், பறக்காதீங்க” என்றபடி, விழுந்துபோன அந்த வலது கையை டப்பாவுக்குள் விட்டார். எடுத்தது பாதி மடியில் கொட்டியது. மறுபடி எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடி, தவறி, தேடி, கடைசியில் தொட்டுக்கொண்டன. தீனி தொட்டிக்குள் விழுந்தது. உடனே இன்னொரு தரம்.

அண்ணன் வாய் திறந்தது. பேருந்து நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைக்கும் குரல் வரப்போகிறது என்று நான் காதைக் கெட்டியாக மூடினேன்.

குரல் வரவில்லை. என் தோளைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். “கட்டவெரலு மடங்குது தம்பி, பாத்தீங்களா?” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்று மாலையே மீன் கடைக்குப் போனோம். விஷயம் தெரிந்ததும் கடைக்காரர் சிரித்தார். “அவ்வளவுதாங்க. தீனியக் கொறைங்க. மிச்சம் கெடந்து அழுகித்தான் பாசி புடிக்குது. கொறைச்சா தானாப் போயிரும்.”

“அது முடியாதுங்க. வேற வழி சொல்லுங்க.”

“வேற வழின்னா, தெனம் அடித்தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்தணும், கண்ணாடியத் தேய்க்கணும். இல்லாட்டி மீனு செத்துரும். தெனம் யாருங்க செய்வா?”

“செய்யலாம்” என்றார் அண்ணன்.

செய்கிறார். விடிந்ததும் ரப்பர் குழாயைப் போட்டு அடியில் கிடக்கும் மிச்சத்தை உறிஞ்சி வாளியில் விடுவார். முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுவார். பிறகு தேய்ப்பார். ஒரு மீன்கூடச் சாகவில்லை. மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. ஒரு டப்பா தீனி தீரும்போது இன்னொன்று தானாக அதே இடத்துக்கு வந்துவிடும்.

“இன்னமுமா பாசி போகல? ஒங்களுக்குத் தேய்க்கவே தெரியல. ஊரையே மேய்ச்ச மனுசன், ஒரு கண்ணாடியத் தொடைக்க வக்கில்ல” என்று மதினி தினமும் திட்டுவார்.

“ஆமா புள்ள, எனக்கு அவ்வளவுதான் வருது” என்பார் அவர், குனிந்தபடியே.

போன வாரம் மதினி எனக்கு வலது கையால் காபி டம்ளரை நீட்டினார். பாதி என் சட்டையில் விழுந்தது. மிச்சத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

மருந்து வாங்க அண்ணன் தஞ்சாவூர் போகும் நாளில் தொட்டி என் பொறுப்பு. தெருவில் வேறு யாரிடமும் அதை அவர் விடமாட்டார். எனக்கும் மதினியிடம் அதே திட்டுத்தான். சாயங்காலம் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதை வரி பிசகாமல் ஒப்பிப்பேன். அவர் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, சில வரிகளை நானே சேர்த்தும் சொல்கிறேன்.