மூன்று மகசூல் பார்த்த டாக்டர்

“ஏனுங்க, சந்தையில ஒரு செருப்பு பாத்தேனுங்க. நல்லா இருக்குது.”

“யாரு காலுல?”

“யாரு காலுலயும் இல்லீங்க. கடையில.”

“அப்பறம் நல்லா இருக்குதுன்னு எப்படிச் சொல்ற? மழை முடியட்டும் கண்ணு. வாங்கினவங்க காலுல எப்படி உழைக்குதுன்னு பாத்துட்டு வாங்கலாம்.”

கல்யாணமான முதல் வருஷம் கோகிலவாணிக்கும் அவள் கணவர் பூபதிக்கும் செம்மேட்டுச் சந்தையில் நடந்த பேச்சு இது. மழை முடிந்தது. செருப்பு நன்றாகத்தான் உழைத்தது. வாங்கியவர்கள் எல்லோர் காலிலும் உழைத்தது. கடைக்காரர்தான் அதற்குள் வேறு சந்தைக்குப் போய்விட்டார்.

உலகத்துக்கு ஒப்பீட்டு அறிவியலை வழங்கிய பெருமை எந்த நாட்டுக்கு உரியது என்று பேரறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் சிரமப்பட வேண்டாம். அந்தப் பெருமை, சில ஊர்கள் சேர்ந்தாலே நாடு என்று சொல்லும் கொல்லிமலையின் பெரக்கரை நாட்டுக்கு உரியது. அங்கே மிளகு விவசாயிகள் சங்கத் தலைவராக வீற்றிருக்கும் திரு. பூபதி அவர்களுக்கு உரியது.

ஒரு மிளகுக் கொடியிலிருந்து நடவுக்குத் தண்டு வெட்ட வேண்டுமென்றால், அந்தத் தாய்க்கொடி மூன்று மகசூல் கொடுப்பதை அவர் கூடவே இருந்து பார்ப்பார். முதல் வருஷம் நன்றாகக் காய்த்தால் “ஏதோ தப்பித் தவறி” என்பார். இரண்டாம் வருஷமும் காய்த்தால் “பரவால்ல” என்பார். மூன்றாம் வருஷமும் காய்த்தால்தான் கத்தியை எடுப்பார். அவர் தேர்ந்தெடுத்த கொடி பொய்த்ததே இல்லை. இவ்வளவு வெற்றி பெற்ற ஒரு முறையை வெறும் மிளகோடு நிறுத்திக்கொள்வது சமூகத்துக்குச் செய்யும் துரோகம் அல்லவா? ஆகவே மிக்ஸி, மோட்டார் பம்ப், மாப்பிள்ளை எல்லாவற்றையும் அவர் அதே முறையில் தேர்ந்தெடுத்தார். மாப்பிள்ளை மட்டும் மூன்றாம் வருஷம் வரை பொறுக்காமல், தானே வந்து பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்ட மகானின் வீட்டில்தான் கோகிலவாணியின் இடது கால் வீங்கத் தொடங்கியது.

கோடையில், சாயங்காலமானால் பாதம் உப்பும், விடிந்தால் வடியும். பிறகு விடிந்தாலும் வடியவில்லை. மழை வந்தபோது தொடை வரை கல்லாகக் கனத்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, சின்னதாக ஒரு புண் வந்து, ஆற மறுத்தது. நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் படத்தில் இடுப்புப் பக்கமாக விரலை வைத்தார்.

“கால்லருந்து ரத்தம் மேல திரும்பிப் போற குழாய் இந்த இடத்துல நசுங்கிச் சுருங்கியிருக்கும்மா. பலூன் விட்டு விரிக்கணும். தேவைப்பட்டா அது மறுபடி சுருங்காம ஸ்டென்ட் வைக்கணும். நான் செய்யறதில்லை. செய்யறவங்க இருக்காங்க. தள்ளிப்போடாதீங்க. உள்ள ரத்தம் கட்டிக்கிட்டா ரொம்பக் கஷ்டம்.”

வெளியே வந்ததும் கோகிலவாணி கணவரிடம் ஒன்று கேட்க நினைத்தாள். ஸ்கேன் அறையில் தனியாகப் படுத்துக் கிடந்த நேரமெல்லாம் அவள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட சின்ன விஷயம்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“பொறு கண்ணு. ‘செய்யறவங்க இருக்காங்க’ன்னாரே, எத்தனை பேருன்னு சொன்னாரா?”

அன்றே ஆய்வு தொடங்கியது.

விசாரித்ததில் மூன்று டாக்டர்கள் தேறினார்கள். வெறும் பலூனோடு முடித்துக்கொள்பவர் பலூன்காரர். ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைப்பவர் வலைக்காரர். குழாய்க்குள்ளேயே ஒரு கருவியை அனுப்பிப் படம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவர் கேமராக்காரர். அவர்களுடைய உண்மைப் பெயர்கள் ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. அவர்களைப் போய்ப் பார்ப்பதும் தேவைப்படவில்லை.

“கொடியப் பாத்து என்னத்துக்கு ஆகுது?” என்றார் பூபதி. “காயைப் பாக்கோணும். டாக்டரப் பாத்து என்னத்துக்கு? அவுரு கைபட்ட காலைப் பாக்கோணும்.”

சங்கச் செயலாளரும் டீக்கடைக்காரருமான தனபால் இந்தக் கருத்தை வழிமொழிந்தார். பலூனோ ஸ்டென்ட்டோ வைத்துக்கொண்டவர்கள் சந்தை நாளில் செம்மேட்டுச் சங்கக் கட்டடத்துக்கு வந்தால் ‘விருந்தோடு கூடிய பரிசோதனை’ நடைபெறும் என்று மலை முழுக்கச் செய்தி போனது. ஜனங்கள் வந்தார்கள். மலையில் இத்தனை பேருக்குக் குழாய் சுருங்கியிருக்கிறது என்பது அதுவரை யாருக்குமே தெரியாது. கோழிக்குழம்பு என்ற விவரம் வெளியான பிறகு இன்னும் சிலருக்குச் சுருங்கியது.

பரிசோதனை மூன்று கட்டமாக நடந்தது. முதலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து சங்கக் கட்டடம் வரை உள்ள ஏற்றத்தை நிற்காமல் ஏற வேண்டும். அடுத்து, தலைவரே குனிந்து, மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரத்தின் சுற்றளவு எடுக்கும் நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் அளப்பார். கடைசியாகத் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில்தான் தோல்வி அதிகம். அதற்குக் காரணம் குழாயா குழம்பா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது.

செல்லமுத்து என்ற பெரியவர் ஏற்றத்தைப் பிரமாதமாக ஏறினார்.

“உங்களுக்கு எந்த எடத்துலீங்க அடைப்பு?” என்று தனபால் கேட்டார்.

“நெஞ்சுலீங்க.”

“காலுல இல்லீங்களா?”

“காலுல ஒண்ணுமில்லீங்க. ஆனா காலு நல்லா இருக்குதுங்க. வேணும்னா அளந்து பாத்துக்குங்க.”

அளந்தார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு இதய டாக்டர் கால் பிரிவில் முதலிடம் பெற்றுவிடும் அபாயம் ஏற்படவே, ‘இடுப்புக்கு மேல் நடந்த வேலை கணக்கில் சேராது, ஆனால் சோறு உண்டு’ என்று அவசரத் தீர்மானம் நிறைவேறியது.

எடப்புளி நாட்டிலிருந்து வந்த ஒருவர் பாதி ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பலூன்காரர் செய்த கால். “பலூனு வெச்சது மறுபடி சுருங்கிருச்சு போலிருக்குது” என்று பூபதி வருத்தத்தோடு தலையசைத்தார். அருகில் போய்ப் பார்த்தால், விருந்து போடும் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாதே என்று அந்த மனிதர் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்திருந்தார். பழத்தை இறக்கிவைத்து மறுபரிசோதனை நடந்தது. இந்த முறை அவர் ஓடியே வந்தார். அதற்குள் குழம்பு தாளித்த வாசனை ஏற்றம் வரை வந்துவிட்டதால் அதையும் செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

தொழில்நுட்ப விவாதமும் குறைவில்லாமல் நடந்தது. ஒரு டாக்டர் முழங்காலுக்குப் பின்னாலிருந்து கம்பியை மேலே ஏற்றுகிறார், இன்னொருவர் தொடையிலிருந்து, கேமராக்காரர் சிலருக்குக் கழுத்திலிருந்து கீழே இறக்குகிறார்.

“நம்ம மலை ரோட்டுல லாரி ஏறறப்பக் கெடுதா, எறங்கறப்பக் கெடுதா?” என்று பூபதி சபையைக் கேட்டார்.

“எறங்கறப்பத்தானுங்க!”

“பிரேக்குப் புடிக்கலீன்னா?”

“போச்சுங்க!”

“அப்பக் கழுத்து வேண்டாம்.”

கேமராக்காரர் இவ்வாறு போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் தரப்பு வாதத்தைக் கேட்கலாமே என்று யாரும் சொல்லவில்லை.

இத்தனை நேரமும் கோகிலவாணி அதே கட்டடத்தில்தான் இருந்தாள். மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலை அரிசி மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் கும்பிட்டார்கள். “உங்களுக்காக அண்ணன் எப்படிப் பாடுபடறாரு பாருங்க” என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள். பொய் இல்லையே. அவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

பாப்பாத்தி என்பவள் மட்டும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலைக்காரர் செய்த கால்.

“எனக்கும் இதே மாதிரித்தானுங்கக்கா இருந்துச்சு. வலை வெச்சாங்க. வீக்கம் வடிஞ்சு, புண்ணு ஆறி, இப்பக் காட்டு வேலைக்குப் போறேன். பயப்படாமப் போங்க.”

அதைக் கேட்டுப் பூபதி பாய்ந்து வந்தார். “வெச்சு எத்தனை வருசமாச்சும்மா?”

“ரெண்டு வருசமாச்சுங்க.”

“ரெண்டுதானா?” என்றார். துக்க வீட்டில் கேட்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

புண்ணுக்குக் கட்டுப்போட, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஆரோக்கியமேரி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கீழ்நாட்டுக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்தும் அவசரம் என்ற கெட்ட பழக்கத்தை விடாதவர்.

“அக்காவை எப்பண்ணே கூட்டிட்டுப் போறீங்க?”

“ஆய்வு நடந்துட்டு இருக்குதுங்க சிஸ்டர்.”

“புண்ணும் நடந்துட்டுத்தான் இருக்குதுண்ணே. போன தடவை பொட்டு அளவு. இப்ப வெத்தலை அளவு. வந்து பாருங்க.”

“ஒரு போன் பேசோணும்,” என்று பூபதி எழுந்து வெளியே போனார். கட்டுப் பிரிக்கும் நேரம் பார்த்து அவருக்கு எப்போதும் ஒரு போன் பேச வேண்டியிருந்தது. ஆய்வாளர்களின் வாழ்க்கை அப்படிப்பட்டது. அன்று கோகிலவாணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மிளகுக் கொடியின் பக்கம் திரும்பி நின்றார். பேசவில்லை. மறுமுனையில் யாரும் இருந்த மாதிரியும் தெரியவில்லை. மற்றொரு கையால் கொடியின் தளிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் உள்ளே வந்ததும், “ஏனுங்க,” என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். “காப்பி குடிக்கறீங்களா?” என்று முடித்தாள். பயந்தவரிடம் போய் எப்படிக் கேட்பது?

ஆய்வின் நிறைவு விழா அடுத்த சந்தை நாளில் நடந்தது. சங்கக் கட்டடம் நிரம்பி வழிந்தது. பூபதி எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முடிவை அறிவித்தார்.

“வலைக்காரர் கைபட்ட காலுதான் நல்லா நிக்குதுங்க. ஏத்தம் ஏறுது, அளவு சமமா இருக்குது, புண்ணு ஆறியிருக்குது. அதுல சந்தேகமில்லை. ஆனா அவுரு இந்த வேலையத் தொடங்கியே ரெண்டு வருசந்தான் ஆகுது. ரெண்டு மகசூலு. மூணாவது மகசூலைப் பாக்காம நாம எதையும் வெட்டறதில்லை. அதனால, அடுத்த மிளகு அறுப்பு முடியட்டும். பாப்பாத்தி காலு அப்பவும் இதே மாதிரி இருந்துச்சுன்னா, வாணியக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு செஞ்சிருக்குது.”

பலத்த கைதட்டல். பாப்பாத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கோகிலவாணியின் காலைப் பார்த்தாள்.

தனபால் நன்றியுரை ஆற்றினார். பொண்டாட்டியின் ஒரு காலுக்காக இத்தனை காலை ஆராய்ந்த புருஷன் இந்த மலையிலும் இல்லை, கீழேயும் இல்லை என்றார். இப்படிப்பட்ட தலைவரைப் பெறச் சங்கம் என்ன தவம் செய்ததோ என்றார். முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்பதால், “நோயாளி தரப்புல நம்ம கோகிலவாணியக்கா ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுவாங்க” என்று கையைக் காட்டினார்.

கோகிலவாணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் தரையில் பட்டதும் உதட்டைக் கடித்தாள்.

“எல்லாருக்கும் நன்றிங்க,” என்றாள். “எங்கூட்டுக்காரரு ரொம்ப நல்லவருங்க. வலை வெச்ச காலு, பலூனு வெச்ச காலு, ஒண்ணுமே வெக்காம சோத்துக்கு வந்த காலு, எல்லாத்தையும் குனிஞ்சு தொட்டு அளந்தாருங்க. எங்காலைத்தான் இன்னும் தொடலீங்க.”

கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பூபதி அவளருகே வந்தார். வந்தது தலைவர் குரல் இல்லை. “பயமா இருக்குது வாணி,” என்றார் மெதுவாக. “உள்ள கம்பி உடறாங்களாமா. உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா…”

“எனக்கும் பயந்தானுங்க. நாளாக நாளாக அது கொறையுமுங்களா? புண்ணுதான் பெருசாகுது.”

“செரி… ஆனா வலைக்காரரு ரெண்டே மகசூலு…”

“ஏனுங்க.”

“பொறு கண்ணு, கேமராக்காரரையும் இன்னொருக்கா…”

“பொறுத்தாச்சுங்க. டாக்டருங்க நெறையப் பேரு இருக்காங்க, ஒப்பிட்டுப் பாக்கலாம். எனக்குப் புருசன் ஒருத்தருதானுங்க. அன்னைக்கு ஸ்கேன் ரூம்பு கதவுகிட்ட, ‘கூட யாரும்மா வந்திருக்காங்க’ன்னு நர்ஸு கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். நீங்க அந்தக் கோடியில அப்பவே யாரோ ஒருத்தரு காலை விசாரிச்சிட்டு நின்னீங்க. யாரும் வரலீன்னு சொல்லிட்டு நான் உள்ள போனேன். நாளைக்கு மொத பஸ்ஸுல கெளம்பலாம். எந்த டாக்டரோ நீங்களே சொல்லுங்க. ஆனா அந்தக் கதவுகிட்ட அவங்க கேக்கறப்ப, எங்கையப் புடிச்சுக்கிட்டு, ‘நானு’ன்னு சொல்லுங்க.”